சிவப்பு மூடி

குழி தூர்ந்துகொண்டே இருந்தது. கடற்கரை மண். ஒரு கை அள்ளி வெளியே போட்டால் அரைக் கை உள்ளே சரிந்தது. முழங்கை மறையும் ஆழம் வந்ததும் முகைதீன்பாவா நிறுத்தினான். இடுப்புச் சாரன் மடியை அவிழ்த்து இரண்டு சின்னப் போத்தல்களை எடுத்து மணலில் குத்தி வைத்தான். ஒன்றுக்குச் சிவப்பு மூடி. மற்றதற்கு வெள்ளை மூடி. இரண்டிலும் ஒட்டியிருந்த பிளாஸ்டர் துண்டில் ஒரே இலக்கம்: 184.

வெள்ளை மூடியைத் திறந்தான். போமலின் நெடி கண்ணில் ஏறியது. உள்ளே அரிசியளவு சதை, நிறமில்லாமல். அவனுடைய மனைவி ஸுலைஹாவின் வலது கன்னத்தின் உட்புறத்தில் அன்று காலை பல் கிளினிக்கில் வெட்டி எடுத்தது. நோயில்லாத சதை. அதை அடக்கத்தான் ஊரின் அடக்கத்தலமான இந்த மையவாடிக்கு வந்திருந்தான். சிவப்பு மூடியையும் திறந்தான். நாலு வருடம் இந்தப் போத்தல்களைச் சுமந்திருக்கிறான், ஒன்றையும் திறந்து பார்த்ததில்லை. இடது கன்னத்தில் எடுத்த கெட்ட சதை எப்படி இருக்கும் என்று பார்க்க நினைத்தான். அதுவும் அரிசியளவில், நிறமில்லாமல் இருந்தது.

"ஆரது, பாவாவா?"

வேலிக்கு அப்பால் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து கடலைப் பார்க்க வந்தவர்.

"ஓம் மோதினார்."

"என்னத்தத் தோண்டுறாய்? புதையலா?"

"நகம், முடி. ஊட்டில சேந்து கிடந்திச்சி."

"நல்ல காரியம். சலூன்காரன் கூட்டிக் குப்பையில போடுறான். உடம்பில இரிந்து கழண்டது எல்லாத்துக்கும் ஹக்கு, உரிமை இரிக்கி. நாளைக்கி மறுமையில அதுகள் எழும்பிக் கேக்கும்."

"கேக்கும்தான்."

முதுகைத் திருப்பியபடியே, கையில் அகப்பட்ட போத்தலைக் குழியில் கவிழ்த்து மண்ணைத் தள்ளினான். மற்றதைச் சிவப்பு மூடியால் இறுக்கினான். வெள்ளைப் போத்தலை இடது பக்கம் வைத்ததாக நினைவு. இடது பக்கத்தில் இருந்ததைத்தான் எடுத்தோம் என்றும் நினைவு. மோதினார் நெத்தலி விலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டு நின்றார். அவனும் நின்று பதில் சொன்னான்.

இது 1996 ஜூலையில்.

தொண்ணூறாம் ஆண்டு வரை அவன் வெற்றிலை வியாபாரி. விடியற்காலையில் சைக்கிளில் களுதாவளைக்குப் போய், அன்னப்பிள்ளை என்ற தமிழ்ப் பெண்ணின் கொடித்தோட்டத்தில் வெற்றிலை கட்டி வந்து கல்முனைச் சந்தையில் விற்பான். மிஞ்சியது வீட்டுக்கு. ஸுலைஹா கல்யாணமான வருடம் பழகிக்கொண்டவள். படுக்கும்போதும் ஒரு வாய் போட்டுக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு தூங்குவாள். புகையிலை சேர்த்துத்தான். தொண்ணூறில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்ட பிறகு அந்த வழியால் சைக்கிள் போகவில்லை. அன்னப்பிள்ளை என்ன ஆனாள் என்று அவன் விசாரிக்கவில்லை. விசாரிக்க ஆளும் இருக்கவில்லை.

ஒன்றரை வருடம் சும்மா இருந்தான். பிறகு யாரோ பிடித்துக் கொடுத்த நாட்கூலி வேலை, ஆசுபத்திரிப் பல் கிளினிக்கில். கூட்டுவது, தண்ணீர் கொதிக்கவைப்பது, துப்பும் சட்டியைக் கழுவுவது. அங்கேதான் பல் டொக்டர் சசிகரன் இருந்தார். காரைதீவுத் தமிழர், முப்பது வயது இருக்கும். பாவாவை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவார். தொண்ணூற்றிரண்டில் மலைநாட்டிலிருந்து ஒரு பேராசிரியர் ஜீப்பில் வந்து அவருடன் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனார். போன பிறகு சசிகரன் பாவாவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். கிளினிக்கில் அவனை யாரும் உட்காரச் சொன்னது அதுதான் முதல்தடவை.

"பாவா காக்கா, வெத்திலை போடுற ஆக்களுக்கு வாயில வெள்ளைப் படை வாறது தெரியுமா?"

"தெரியும் டொக்டர். என்ட யாவாரமே அந்த வாயிலதான்."

"நூறு பேருக்கு அந்தப் படை இருந்தா அஞ்சு பேருக்குத்தான் புத்துநோயாகும். எந்த அஞ்சு எண்டு இண்டைக்கு உலகத்தில ஒருத்தருக்கும் தெரியா. தெரியாதபடியா ஒண்டில் நூறு பேரையும் வெட்டவேணும், இல்லாட்டி நூறு பேரையும் விடவேணும்."

பேராசிரியர் தேடியது அந்த ஐந்தை. ஒரே ஆளின் வாயில் படையிலிருந்து ஒரு துண்டு, நல்ல இடத்திலிருந்து ஒரு துண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆட்களைப் பத்து வருடம் தொடர்ந்து பார்க்க வேண்டும். எவருக்குப் புற்றானதோ அவருடைய பழைய துண்டில், கெடுவதற்கு முன்பே, ஏதோ ஓர் அடையாளம் இருந்திருக்கும். அதைப் பிடித்துவிட்டால் போதும்.

"பிடிச்சா?"

"பிடிச்சா, வாயைத் திறந்து பாத்து, உனக்கு ஒண்டுமில்ல போ, உனக்கு இருக்கு நில்லு எண்டு சொல்லலாம். அரிசியளவு வெட்டினாக் காணும், அதுக்கு மேல வேண்டாம். தாடையைக் கழட்டுற வேலை இருக்காது."

"எத்தின வரிசம் செல்லும்?"

"எங்கட காலத்தில இல்ல. பிள்ளையளின்ட காலத்தில."

இந்தக் கடைசிச் சொல்தான் பாவாவைப் பிடித்துக்கொண்டது. தொண்ணூறுக்குப் பிறகு பிள்ளைகளின் காலத்தைப் பற்றி அவனிடம் யாரும் கதைத்ததில்லை.

யார் எத்தனை வாய் போடுவார், யார் புகையிலை சேர்ப்பார், எந்தக் கன்னத்தில் ஒதுக்குவார் என்பது அவனுக்குப் பாடம். டோர்ச் லைட்டுடன் நிந்தவூருக்கும் அக்கரைப்பற்றுக்கும் சவளக்கடைக்கும் போய் ஆள் பிடித்துக் கொண்டுவந்தான். "வெத்திலையும் நீதான் வித்தாய், இப்ப சதையும் நீதான் கேக்கிறாய்" என்றார்கள். சந்தையில் அவனுக்குச் சதை யாவாரி என்று பேர் விழுந்தது. "என்ன யாவாரி, இண்டைக்கி எத்தின றாத்தல்?" மாதம் ஒருமுறை றெஜிபோம் நுரைப் பெட்டியில் போத்தல்களை அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு, அம்பாறை வழியாக மலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறுவான். செக் பொயின்ற்றில் ஆமிக்காரன் பெட்டியைத் திறந்து முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்புவான்.

ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ போனபோது, ஆய்வுகூடத்தின் பின்பக்கத்தில் ஒரு தொழிலாளி வாளியுடன் நிற்பதைக் கண்டான். வாளியில் பஞ்சும் மிச்சச் சதைத் துண்டுகளும் கிடந்தன. எங்கே கொண்டுபோகிறாய் என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டான். எரிக்க என்றான் அவன். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எந்த ஆசுபத்திரியிலும் அப்படித்தான்.

அந்த வாரமே நிந்தவூரில் சரீப் என்ற கரைவலைக்காரர் வாயைத் திறக்குமுன் கேட்டார்.

"வெட்டுற சதைய என்ன செய்யிற? நாய்க்குப் போடுறயா?"

"அடக்கிற காக்கா."

"ஆரு அடக்கிற?"

"அங்க எங்கட ஆள் ஒருத்தர் இரிக்காரு. எல்லாம் முடிய அவர்தான் அடக்கிற. நான் கண்ணால கண்டன்."

சரீப் வாயைத் திறந்தார். இந்தப் பதில் ஊரூராகப் போனது. அதன் பிறகு யாரும் அவனிடம் கேட்கவில்லை. முஸ்லிம் ஊர்களில் ஆட்கள் இவ்வளவு லேசாகச் சம்மதிப்பதைப் பற்றிப் பேராசிரியர் வியந்து கடிதம் எழுதினார். சசிகரன் அதைப் பாவாவுக்கு வாசித்துக் காட்டினார்.

நூற்றி எண்பத்திமூன்று வாய்களுக்குள் டோர்ச் அடித்தவன் தன் மனைவியின் வாயைப் பார்க்கவில்லை. ஒருநாள் அவளாகவே சொன்னாள். இடது கன்னத்துக்குள் ஏதோ சொரசொரக்கிறது என்று.

சசிகரன் விரலால் தொட்டுப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "ஓரம் கொஞ்சம் தடிச்சிருக்கு. இது ஆராய்ச்சிக்கு மட்டுமில்ல, உங்களுக்கும் வேணும். ரிசல்ட் வந்தாத்தான் என்ன செய்யிறதெண்டு சொல்லலாம்" என்றார். இரண்டு துண்டு எடுத்தார். கெட்டது சிவப்பு மூடி, நல்லது வெள்ளை மூடி. வெளியே வந்ததும் ஸுலைஹா பஞ்சைக் கடித்தபடி சொன்னாள்.

"இஞ்சாருங்க. மத்த ஆக்கள்டய அங்கத்த ஆள் அடக்கட்டும். என்டத உங்கட கையால அடக்கிட்டு வாங்க."

"ஓம்."

"மறந்திர மாட்டீங்களே?"

"ஓம் எண்டனே கா."

தான் சொன்ன பொய்யை அவள் நம்பித் திருப்பிச் சொல்லும்போது என்ன செய்வது என்று பாவாவுக்குத் தெரியவில்லை. கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு நடந்த அரைமணி நேரத்தில் ஒரு வழி கண்டுபிடித்தான். கெட்ட சதை அவளுடைய வைத்தியத்துக்கு வேண்டும், அது போகட்டும். நல்ல சதை ஆராய்ச்சிக்கு மட்டும்தான். அதை அடக்கிவிட்டால் பாதியாவது அவளுக்குக் கொடுத்த வாக்கு நிற்கும். மறுநாள் ஆய்வுகூடத்தில், வெள்ளை மூடிப் போத்தலை ஆமிக்காரன் கீழே ஊற்றிவிட்டான் என்றான். அல்லாஹ் மேல் ஆணையாக என்றும் சேர்த்துக்கொண்டான். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். ஒரு பெண் அவனுக்காக வருத்தப்பட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள்.

மூன்று கிழமையில் ரிசல்ட் வந்தது. புற்றுநோய் இல்லை. படைகூட இல்லை. அனுப்பிய துண்டு சாதாரணமான சதை.

சசிகரன் தாளை இரண்டு தரம் வாசித்தார்.

"நான் கண்டதுக்கும் இதுக்கும் பொருந்தேல்ல. வெட்டேக்க இடம் பிசகியிருப்பன் போல. இன்னொருக்கா எடுப்பம், அவவைக் கூட்டிக்கொண்டு வாங்க."

பாவாவுக்கு அந்த நிமிடத்தில் தெரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். சொன்னால் ஆமிக்காரன் கதை வெளியே வரும். மையவாடி வரும். ஏன் அடக்கினாய் என்ற கேள்வி வரும். அதன் பின்னால் வாளி வரும், நிந்தவூர் வரும், நூற்றி எண்பத்திமூன்று பேரும் வருவார்கள். இன்னொன்றையும் நினைத்தான். ஒருவேளை போத்தல் மாறவில்லை. டொக்டர் சொல்வதுபோல வெட்டிய இடம்தான் பிசகோ. அப்படியென்றால் ரிசல்ட் உண்மை. அந்த ஒருவேளையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

ஸுலைஹா வரமாட்டேன் என்றாள்.

"ஒண்டுமில்ல எண்டு எழுதி வந்திரிக்கி. மறுகா என்னத்துக்கு வெட்டுற? அவருக்குக் கணக்குக்குச் சதை வேணுமெண்டா வேற ஆளப் பாக்கட்டும்."

"டொக்டர் சும்மா சொல்ல மாட்டாரு."

"நீங்கதானே போத்தலக் கொண்டு போன? சரியாத்தானே குடுத்தீங்க?"

"ஓம்."

"அப்ப என்ன?"

வெள்ளிக்கிழமை நன்றிக்காக நபி புகழ் பாடும் மௌலூது ஓதி நாற்பது பேருக்குச் சோறு கொடுத்தார்கள். மோதினாரும் வந்து சாப்பிட்டார். சசிகரன் ஸுலைஹாவைக் கூட்டிவர இரண்டு தடவை ஆள் அனுப்பினார். மூன்றாம் தடவை அனுப்பவில்லை.

எட்டு மாதம் போனது. ஸுலைஹா வெற்றிலையை விட்டாள். உறைப்பு எரிகிறது என்று மிளகாயை விட்டாள். நோன்பு மாதத்தில் பேரீச்சம்பழத்தைக் கடிக்க முடியாமல் கஞ்சியில் கரைத்துக் குடித்தாள். வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. மகள் நதீரா சோற்றைப் பிசைந்து கரண்டியின் பின்பக்கத்தால் மசித்துக் கொடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. சூடு, பல்லீறு, பனி. காரணங்களை முதலில் சொன்னவன் பாவா.

இவ்வளவுக்கும் அவன் வேலையை நிறுத்தவில்லை. பெட்டியைச் சுமந்துகொண்டு போய் வந்தான். புதிய ஆட்களிடம், பிள்ளைகளின் காலத்தில் தாடை வெட்ட வேண்டியிராது என்று முன்னையைவிட நன்றாகச் சொன்னான். சொல்லும்போது அதை நம்பவும் செய்தான். கிராமங்களில் அவனை யாரோ பெரிய உத்தியோகத்தன் என்று நினைத்தார்கள்.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து பத்தாம் நாள் காலை, கிணற்றடியில் அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவளால் சாப்பிட முடியாத மீன். துப்பினாள். இரத்தம். தண்ணீரை ஊற்றி அதை மறைத்தாள். பாவா பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்டைக்கி நான் ரெண்டு போத்தலயும் கொண்டு போகல்ல."

அவள் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ட மையவாடியில அடக்கின. நல்லத அடக்கத்தான் போன. மூடி மாறிரிக்கும். கெட்டத அடக்கிட்டு நல்லதக் குடுத்திட்டன் போல."

கத்தி நின்றது. அவள் முதலில் கேட்டது தன்னைப் பற்றி இல்லை.

"என்னத்துக்கு ஒண்ட மட்டும் அடக்கின? மத்ததையும் அங்க அடக்கிறதுதானே?"

அவன் கிணற்றுக் கட்டைப் பார்த்தான்.

"இஞ்சாருங்க. அங்க அடக்கிறதுதானே?"

"இல்ல. எரிக்கிற."

"நெருப்பிலயா?"

"ஓம்."

அவளுடைய உம்மாவிடமும் எடுத்திருந்தார்கள், இரண்டாம் வருடத்தில். உம்மா அதன் பிறகு காய்ச்சலில் மௌத்தானாள்.

"என்ட உம்மாடயும்?"

"ஓம்."

"சரீப் காக்காட?"

"எல்லார்டயும்தான்."

ஸுலைஹா கையைக் கழுவினாள். மெதுவாக, நகக்கண் வரைக்கும் கழுவினாள். வாய் திறக்காததால் சொற்கள் பல்லுக்கிடையால் வந்தன.

"நூத்தியெம்பது பேர்டய நெருப்பில போட்டுட்டு எனக்கு மட்டும் குழி தோண்டினீங்களா? அதயும் ஒழுங்காத் தோண்டல்ல."

நதீரா அடுப்புப் புகை வந்த குசினி வாசலில் நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியவில்லை.

"புள்ள, என்ட சாரிய எடு. டொக்டருக்கிட்டப் போகணும்."

"நானும் வாறன்" என்றான் பாவா.

"வாங்க. வந்து அவருக்கும் சொல்லுங்க. எனக்கு வாய் ஏலாது."

சசிகரன் அவளுடைய தாடைக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினார். கழுத்துவரைக்கும் தடவினார். பல்லை ஆட்டிப் பார்த்தார், மூன்று பல் ஆடியது. கொழும்புக்குக் கடிதம் எழுதினார். நாளைக்கே போக வேண்டும் என்றார். அவளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். பாவா சொல்லத் தொடங்கினான். மையவாடியிலிருந்து பின்னுக்குப் பின்னுக்குப் போய் வாளிவரை சொன்னான்.

"தாடை எலும்புக்குள்ள போயிட்டுது" என்றார் சசிகரன். "ஆகஸ்டில எண்டா நகத்தளவு வெட்டியிருப்பாங்க."

பாவா நின்றான்.

"எனக்கு அண்டைக்கே சந்தேகம். நான் வீட்டை வந்து கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்திருக்கவேணும். ஆள் அனுப்பிப்போட்டு இருந்திட்டன்." கையைக் கழுவினார். பிறகு, "வேற எந்தப் போத்தலையாவது திறந்தீங்களா?"

"இல்ல டொக்டர். அல்லாஹ் மேல ஆணையா."

"ஆமிக்காரன் ஊத்தினதெண்டும் அல்லாஹ் மேல ஆணையாத்தான் அங்க சொன்னீங்களாம்."

சசிகரன் இன்னொரு கடிதத் தாளை இழுத்து எடுத்தார்.

"நான் பேராசிரியருக்கு எழுதவேணும். கொண்டுவந்த ஆள் ஒரு போத்தலை மாத்தியிருக்கிறார் எண்டு தெரிஞ்சா, அந்த ஆள் கொண்டுவந்த எதையும் கணக்கில எடுக்கேலா. இந்தக் கரையில எடுத்தது முழுக்கப் போச்சு."

"மத்தப் போத்தலெல்லாம் சரியாத்தான் இரிக்கி டொக்டர். ஒண்டக்கூட நான் தொடல்ல."

"இருக்கலாம். இருக்கலாம் எண்டதை வைச்சு ஒண்டும் எழுதேலா."

"நாலஞ்சி வரிசம் டொக்டர். அந்த அடையாளம் இந்தப் போத்தல் ஒண்டுக்குள்ள இரிந்தா?"

"இருந்தா இருக்கும். ஆருக்கும் தெரியவராது."

மேசையில் புதிய போத்தல்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவர் அதைத் தூக்கி அலுமாரிக்குள் வைத்தார். கொழும்புக் கடிதத்தை உறையிலிட்டு அவனிடம் கொடுத்தார்.

"சனத்துக்கு என்ன சொல்லப்போறீங்க?"

"தெரியா டொக்டர்."

"சொல்லத்தான் வேணும். நான் சொன்னா, ஒரு தமிழன் இதைச் சொல்லுறான் எண்டுதான் கேப்பாங்க. நீங்கதான் சொல்லவேணும்."

வெளியே சுவரோர மர வாங்கில் ஸுலைஹா உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் அக்கரைப்பற்றிலிருந்து வந்த ஒரு கிழவர். பாவாதான் போன வாரம் அவரைப் பேசிச் சம்மதிக்கவைத்தவன். "யாவாரி, எனக்கு எப்ப வெட்டுற?" என்று கேட்டார்.

"இனி வெட்டுறதில்ல."

"ஏன், சதை எடுத்தது காணுமாமா?"

ஸுலைஹா எழுந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அடுத்த நாள் காலை ஐந்தேமுக்காலுக்குக் கொழும்பு பஸ் புறப்பட்டது. ஸுலைஹா ஜன்னல் பக்கம் இருந்தாள். பாவா பக்கத்தில் இருந்தான். நதீராவை அவளுடைய சாச்சி வீட்டில் விட்டிருந்தார்கள். அம்பாறைக்கு இப்பால் இரண்டு இடத்திலும் அப்பால் ஓர் இடத்திலும் செக் பொயின்ற்றில் இறங்கி வரிசையில் நடந்து மறுபடி ஏறினார்கள். ஓர் ஆமிக்காரன் அவளுடைய முந்தானையை எடுக்கச் சொன்னான். எடுத்தாள். போகச் சொன்னான். மகியங்கனையில் பஸ் இருபது நிமிடம் நின்றது. பாவா தேத்தண்ணி வாங்கி வந்தான். அவள் ஆறவிட்டுக் கொஞ்சம் குடித்தாள். கொழும்பில் இறங்கும்போது மாலை நாலரை. ஆசுபத்திரி வாசலில் காவலாளி, பதிவு பகல் பன்னிரண்டுக்கே முடிந்துவிட்டது, நாளைக்குக் காலை ஆறு மணிக்கு வந்து இலக்கத் துண்டு எடுக்க வேண்டும் என்றான். மருதானையில் ஊர்க்காரர் ஒருவரின் கடைக்கு மேலே படுக்க இடம் இருந்தது. அங்கே போனார்கள்.